லாராஸுக்கு வயது ஐம்பத்து நான்கு

முதல் கவளத்திலேயே தோகாரின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது.

"இபு, இது பெசெல் இல்ல. கீரையைக் காட்டி மிளகாயை வித்திருக்காங்க."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. உறைப்பு தெரியாது" என்றாள் ரெத்னானி.

"எங்க பாத்தாக் ஆளுங்க வாயை மூடினா, ஆள் போயிட்டான்னு சர்ச்சுல மணி அடிச்சிடுவாங்க."

மலாங் பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டிய பெசெல் கடை. வேகவைத்த கீரைமேல் வேர்க்கடலைக் குழம்பை ஊற்றி இலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்தான் இவர்களை வரவழைத்தவள். பெயர் முர்னியாசி, சுருக்கமாக முர்னி. நாற்பது வயது, பார்த்தால் இன்னும் பத்து கூட்டிச் சொல்லலாம்.

ரெத்னானி சுரபாயா போலீசின் ஆவணப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவள். எழுத்தைப் பார்த்து எழுதியவனின் நடுக்கத்தைச் சொல்லுவாள் என்று பெயர். மேலதிகாரி ஒருவரின் நடுக்கத்தையும் சொல்லிவிட்டதால் வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். தோகார் அவளுடைய ஒரே உதவியாளன்; அவளை 'இபு', அதாவது அம்மா, என்று கூப்பிடுகிறவன். முப்பத்து நாலு வயது, முன்னாள் கம்ப்யூட்டர்காரன். காரையும் வாயையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறவன்.

கூட்டம் குறைந்ததும் முர்னி கையைத் துடைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா உங்க பதிலுக்குத்தான் காத்திருக்கேன், இபு. அந்த வாத்தியாரைப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல. அதுக்கு முன்னாடி நீங்க தினம் பாக்குற பக்கத்தை என் கண்ணால பாக்கணும்."

விஷயம் இதுதான். ஆறு வருடங்களுக்கு முன் சும்பர்வங்கி மலைக் கிராமத்தில் காட்டு வெள்ளம் வந்தது. முர்னி அன்றைக்கு மலாங் சந்தையில் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் லாராஸ், ஆறு வயது, பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாலம் அடித்துக்கொண்டு போனதால் ஒன்பது நாள் கழித்துத்தான் முர்னியால் மலையேற முடிந்தது. அதற்குள் அவளுக்கு ஒரு தகவல் கிடைத்திருந்தது. காணாமல் போனவர்களைத் தேட ஒரு தன்னார்வக் குழு 'சந்திப்பு' என்று இணையப் பக்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தது. பெயர், வயது, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தட்டினால் பதில் வரும். லாராஸ், ஆறு, உயிருடன் என்று முர்னி தட்டினாள். பதில் வந்தது: ஒன்று கிடைத்தது.

ஆனால் ஊரில் நிவாரண முகாமை நடத்திய பள்ளித் தலைமையாசிரியர் ஹர்ஜித்தோ குழந்தையைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கண்ணில் அவர் பிள்ளைத் திருடன். வெள்ளம் வந்த தேதியில் வருடா வருடம் அவர் வீட்டு வாசலில் முர்னி மகளின் படத்தோடு நிற்பாள்.

"இதோ பாருங்க" என்று கீறல் விழுந்த கைப்பேசியை நீட்டினாள். அவள் தட்டத் தட்ட எழுத்துகள் வந்தன. லாராஸ். ஆறு. உயிருடன். ஒன்று கிடைத்தது. "தினமும் சுபுஹ் தொழுதுட்டு ஒரு தடவை பாத்துடுவேன். பாத்தாத்தான் அடுப்புப் பத்தவைக்கக் கை வரும்."

தோகார் எட்டிப் பார்த்தான். "பரவாயில்லயே, எங்க ஊர் கல்யாணத் தரகர் மாதிரி. எந்தப் பொண்ணைக் கேட்டாலும் 'இருக்கு'ம்பாரு."

முர்னி சிரிக்கவில்லை. ரெத்னானி தலையைத் தூக்கினாள். கிண்டல் கிண்டலாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது.

"ஒரு மெஷின் 'ஆமா'ன்னு சொன்னா மட்டும் போதாது. அது எதுக்கு 'இல்ல'ன்னு சொல்லும்னும் பாக்கணும். போனைக் குடுங்க, இபு முர்னி."

வயதை ஏழு என்று மாற்றினாள். எதுவும் கிடைக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. இல்லை. முர்னியின் முகத்தில் லேசான பெருமை. 'பாத்தீங்களா, என் பொண்ணுக்கு ஆறுதான்.'

ரெத்னானி விடாமல் ஏறிக்கொண்டே போனாள். பத்தொன்பதில் பதில் வந்தது. ஒன்று கிடைத்தது. முப்பத்து ஒன்றிலும் வந்தது. ஐம்பத்து நாலிலும் வந்தது.

"ஆணா பெண்ணான்னு இது கேக்கவே இல்லயே?"

தோகார் கைப்பேசியை வாங்கிக் கட்டைவிரலால் பக்கத்தை மூன்று முறை மேலே தள்ளினான். அடியில் மங்கலாக ஒரு சொல் கிடந்தது: மேலும். அதைத் தொட்டதும் புதிதாக நாலு கட்டங்கள் திறந்தன.

"அட, இதை நான் பாத்ததே இல்ல" என்றாள் முர்னி.

ரெத்னானி 'ஆண்' என்பதைத் தொட்டாள். ஒன்று கிடைத்தது.

"லாராஸ், ஐம்பத்து நாலு வயசு, ஆம்பளை" என்று மெதுவாகப் படித்தாள். பிறகு உதவியாளனின் பக்கம் திரும்பினாள். இப்படி ஒரு வரி கையில் கிடைத்தால் அவன் ஒரு வாரத்துக்கு ஓட்டுவான். தோகார் இலையை மடித்துக்கொண்டிருந்தான். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றாள் முர்னி.

"பொய் சொல்லல. யாரையோ யாரோடயோ கலந்து சொல்லுது." ரெத்னானி சற்றுத் தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். 'உயிருடன்'க்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்கே, அதை எப்பவாவது தொட்டீங்களா?"

முர்னி கைப்பேசியைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அதை எதுக்கு இபு நான் தொடணும்?"

*

கார் சும்பர்வங்கிக்கு ஏறியது. இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம். முக்கால் மணி நேரமாகத் தோகார் வாயைத் திறக்கவில்லை.

ரெத்னானி தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து லாராஸ், ஆறு என்று போட்டு, முர்னி தொடாத கட்டத்தைத் தொட்டாள். ஒன்று கிடைத்தது. அதை அணைத்து மடியில் வைத்தாள்.

"தோகார், காரை ஓரம் கட்டு."

கட்டினான்.

"அந்தப் பக்கத்துல 'மேலும்'ங்கிற சொல்லு தரைக்குக் கீழ புதைஞ்சு கெடந்துது. ஆறு வருஷமா தினம் பாக்குறவளுக்கே தெரியல. நீ தேடவே இல்ல. விரல் நேரா அங்க போச்சு."

தோகார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முர்னி நம்ம ஆபீசுக்கு வந்த நாள்லேர்ந்து வழக்கத்துக்கு ரெண்டு மடங்கு ஜோக் அடிச்சே. அம்பத்து நாலு வந்ததும் ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்தைக் கட்டினது யாரு?"

"நான்தான், இபு."

எஞ்சினை அணைத்தான். "பக்கம் கட்டினது வேற ஆளுங்க. உள்ள தேடுற பாகம் நான். அப்ப ஜகார்த்தாவுல வேலையில இருந்தேன். வெள்ளம் வந்த மறுநாள் கூப்பிட்டாங்க. முகாம்லேர்ந்து தாள் தாளா போட்டோ வந்துச்சு. ஒரு கூடாரத்துக்கு ஒரு தாள். தாள்ல அஞ்சு பேரு, ஆறு பேரு. ஒரே நாள்ல எல்லாத்தையும் தேடுற மாதிரி பண்ணணும்னாங்க."

"பண்ணினே. எப்படி?"

"ஒரு வீட்டுலேர்ந்து கட்டுச்சோறு ஆர்டர் வருதுன்னு வைங்க. ஆறு பொட்டலம். ஒருத்தருக்கு மீன், ஒருத்தருக்கு முட்டை. ஆறையும் தனித்தனியா பேர் எழுதிக் கட்டி, ஒரு பையில போட்டு அனுப்பணும். நான் ஆறையும் பிரிச்சு ஒரே அண்டாவுல கொட்டிட்டேன். மீன் இருக்கா? இருக்கு. முட்டை இருக்கா? இருக்கு. லாராஸ் இருக்காளா? இருக்கா. உயிரோட யாராவது? இருக்காங்க. யாரோட மீன், யாரோட முட்டைன்னு அண்டாவுக்குத் தெரியாது."

"சரியாப் பண்ணியிருந்தா?"

"தாளைத் தாய்ப் பதிவா வச்சு, ஒவ்வொரு ஆளையும் அதுக்குக் கீழ தனிப் பிள்ளைப் பதிவா கோத்திருக்கணும். பிள்ளைக்கு அதோட பேரு, அதோட வயசு, அதோட நிலைமை. தேடினா பிள்ளைகிட்ட தேடணும். பிள்ளை கிடைச்சா எந்தத் தாய்னு பாக்கணும். நான் பிள்ளைகளைக் கலைச்சு தாய்க்குள்ளயே கொட்டிட்டேன், இபு."

மேலிருந்து வந்த லாரி ஒன்று ஒலியெழுப்பிக் கடந்தது.

"இது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் கழிச்சு. வேற வேலையில இதே மாதிரி வந்தப்ப உறைச்சுது. அதுக்குள்ள முகாமைக் கலைச்சுட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரு இன்னும் தேடப்போறாங்கன்னு..."

முடிக்கவில்லை. ரெத்னானி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தத் தாள்ல இருந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?"

தோகார் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். ஒரே பதிவு. ஆறு பெயர்கள். கீழே வயதுகள்: ஐந்து, ஆறு, பத்தொன்பது, முப்பத்து ஒன்று, ஐம்பத்து நாலு, எழுபது. அதற்கும் கீழே இரண்டே சொற்கள்: இறந்தவர், உயிருடன்.

"வயசு ஏறுவரிசையில நிக்குது" என்றாள் ரெத்னானி. "பேரு அகர வரிசையில. வெள்ளத்துல தப்பிச்சு வந்தவங்க யாரும் இப்படி வரிசை பாத்து உக்கார மாட்டாங்க. அடுக்கினது உன் மெஷின். இதை வச்சு யாரு யாருன்னு சொல்ல முடியாது. அசல் தாள் வேணும். வண்டியை எடு."

*

பாக் ஹர்ஜித்தோ, அதாவது ஹர்ஜித்தோ ஐயா, முற்றத்தில் காப்பிப் பழம் உலர்த்திக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், எழுபதை நெருங்கியவர். வாசல் சுவரில் பல தடவை சுண்ணாம்பு அடித்திருந்தும் 'பிள்ளைத் திருடன்' என்ற எழுத்து தெரிந்தது.

"அந்தம்மா அனுப்பினாங்களா?" என்றார். கோபமில்லை, களைப்புதான்.

"அனுப்பினாங்க. ஆனா நாங்க கேக்க வந்தது வேற, பாக். மொத நாள் அவங்க வந்தப்ப என்ன சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த துழாவுகோலைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொன்னேன். 'உங்க பொண்ணு தவறிட்டாம்மா'ன்னு. அவங்க போனைக் காட்டி, 'உயிரோட இருக்கான்னு இதுல போட்டிருக்கே, எங்க ஒளிச்சு வச்சிருக்கே?'ன்னாங்க. தாளை எடுத்து நீட்டினேன். 'நீ எழுதினதுதானே, மாத்தி எழுத எத்தனை நேரமாகும்'னு தட்டிவிட்டாங்க. ஊரே கூடி நின்னுச்சு. கிழவன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லுமான்னு ஒருத்தர் கேட்டார். மறு மாசம் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிட்டாங்க."

தோகார் மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

ஹர்ஜித்தோ உள்ளே போய் ஒரு பிஸ்கெட் தகரத்தைக் கொண்டுவந்தார். அதில் முகாம் தாள்கள். பதினேழாம் கூடாரத்தின் தாளை விரித்தார். தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டிருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. ஆறு வரிகள்.

மூன்றாவது வரி: லாராஸ், பெண், ஆறு. 'உயிருடன்' என்று நீல மையில் எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'இறந்தவர்' என்று எழுதியிருந்தது.

"எழுதும்போது உயிரோடத்தான் இருந்தா. காய்ச்சல். நெஞ்சுல சேறு. மறுநாள் காலைல முடிஞ்சுபோச்சு. சிவப்புப் பேனா பரீட்சைத் தாள் திருத்துறதுக்கு வச்சிருந்தது. அது ஒண்ணுதான் கையில இருந்துச்சு."

ரெத்னானி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தாளை முகத்தருகே கொண்டுபோனாள். சிவப்பு எழுத்தில் எழுதியவரின் நடுக்கம் இருந்தது. இது ஏமாற்றுவதற்காக மாற்றி எழுதிய கை அல்ல. எழுத மனமில்லாமல் எழுதிய கை.

"எங்க பாக் அடக்கம் பண்ணீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. பலா மரத்துலேர்ந்து மூணாவது. என் இடுப்புச் சாரோங்லதான் அவளைச் சுத்தினேன். வெள்ளிக்கிழமை தோறும் போய்ப் புல்லு எடுத்துட்டு வருவேன். அந்தம்மாவுக்குத் தெரியாது."

நாலாவது வரியில் ரெத்னானியின் விரல் நின்றது. வெனிங், பெண், ஐந்து, உயிருடன்.

"இந்தக் குழந்தை?"

"அதுவா? அதுக்கு அப்பா பேரு 'அப்பா', அம்மா பேரு 'அம்மா'. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. அத்தை வீட்டுக்கு வந்த இடத்துல மாட்டிக்கிச்சு, அத்தை போயிட்டாங்க. எப்படியும் தேடி வருவாங்கன்னு பாத்தேன். யாருமே வரல. பத்தூங்கிற ஊர்ல இருக்குற குழந்தைகள் இல்லத்துல சேத்துட்டேன். எப்படித்தான் பெத்தவங்களுக்கு மனசு வந்துச்சோ, போங்க."

தோகார் சட்டென்று நிமிர்ந்தான். காருக்கு ஓடிப்போய் மடிக்கணினியைத் தூக்கி வந்தான். காப்பிப் பழங்களுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"யார் எதைத் தேடினாங்கன்னு சர்வர் ஒரு குறிப்பு வச்சிருக்கும், இபு. தேடுறவங்க போன் நம்பரோட."

திரையில் வரிகள் ஓடின. லாராஸ், ஆறு, உயிருடன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ஒரே எண், விடியற்காலை, இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் தடவை. தோகாரின் விரல் எங்கேயும் நிற்காமல் அவற்றைத் தள்ளிக்கொண்டே வெள்ளம் வந்த வாரத்துக்குப் போனது.

அங்கே ஒரு வரி இருந்தது. வேறொரு எண். வெனிங், ஐந்து, இறந்தவர். பதில்: ஒன்று கிடைத்தது.

"அதே தாள், அதே அண்டா" என்றான் தோகார். "பிணவறை வாசல்ல நின்னு கேட்டிருப்பாங்க. உயிரோட இருக்காளான்னு கேக்காம, மொதல்லயே செத்தவங்கள்ல இருக்காளான்னு கேட்டிருக்காங்க. 'ஆமா'ன்னு சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் அந்த நம்பர்லேர்ந்து ஒரு தடவைகூடத் தேடல."

ஹர்ஜித்தோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ரெத்னானி தள்ளிப் போய் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "இருக்கா; இன்னைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சையாம்."

*

மத்தியான வெயிலில் முர்னியின் கடை காலியாக இருந்தது. ரெத்னானி சுற்றி வளைக்கவில்லை. தாளை மேசையில் விரித்து, மூன்றாவது வரியைக் காட்டினாள். காய்ச்சலைச் சொன்னாள். சாரோங்கைச் சொன்னாள். பலா மரத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைப் புல்லையும் சொன்னாள்.

முர்னி அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை.

"காய்ச்சல்ல தண்ணி கேட்டிருப்பா" என்றாள். "கேட்டாளாமா?"

"ஹர்ஜித்தோதான் பக்கத்துல இருந்திருக்கார். குடுத்திருக்கார்."

"அவரையா நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

தோகார் முன்னால் வந்து நின்றான். "இபு முர்னி, அந்தப் பக்கம் தப்பாச் சொன்னதுக்குக் காரணம் நான். உள்ள தேடுறதை எழுதினவன் நான்தான். தப்புன்னு தெரிஞ்சும் போய்த் திருத்தல."

முர்னி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தினம் காலைல என்கிட்ட 'ஒன்று கிடைத்தது'ன்னு சொன்னது நீயா?"

"ஆமா."

கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் வைத்தாள். அங்கேதான் நாலாவது வரி இருந்தது.

"இது யாரு?"

ரெத்னானி சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

"அவ அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்டதான் முதல்ல வந்தோம். நாளைக்கு நேர்ல போய்ப் பக்குவமா..."

"நாளைக்கா?" முர்னி எழுந்துவிட்டாள். "இபு, உங்களுக்குப் புத்தி இருக்கா? ஒரு நாள்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தம்பி, உன்னை மன்னிக்கிறதா வேணாமான்னு நான் அப்புறம் யோசிச்சுக்கிறேன். இப்ப அந்த நம்பரைப் போடு."

தோகார் போட்டான். ஒலிபெருக்கியை அழுத்தினான். நாலாவது மணியில் ஓர் ஆண்குரல்.

"யாரு?"

"பாக், நான்... உங்க பொண்ணு வெனிங் விஷயமா..."

"என் பொண்ணு செத்து ஆறு வருஷம் ஆச்சு. எவன்டா நீ? இன்னொரு தடவை இந்தப் பேரை எடுத்தே, போலீசுக்குப் போவேன்."

இணைப்பு அறுந்தது.

முர்னி கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி, தானே மறுபடி அழுத்தினாள். எடுத்த சத்தம் கேட்டதும் மூச்சு விடாமல் பேசினாள்.

"வைக்காதீங்க, பாக். நான் மலாங் பஸ் ஸ்டாண்டுல பெசெல் விக்கிற முர்னி. சும்பர்வங்கிக்காரி. என் பொண்ணும் உங்க பொண்ணும் ஒரே கூடாரத்துல இருந்தாங்க. ஒரே தாள்ல பேரு எழுதியிருக்கு, தாள் என் கையில இருக்கு. உங்ககிட்ட செத்துட்டான்னு சொன்னாங்க. என்கிட்ட உயிரோட இருக்கான்னு சொன்னாங்க. மாத்திச் சொல்லிட்டாங்க, பாக்."

அதே ஆண்குரல், அடையாளம் தெரியாமல் மாறிப்போய்க் கேட்டது:

"அப்படின்னா... உங்க பொண்ணு?"

"செத்தது அவதான்" என்றாள் முர்னி.

இதுவரை யாரிடமும் சொல்லாத சொல். சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரெத்னானி அவள் தோளில் கை வைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் 'யாரு, யாருங்க, என்ன சொல்றாங்க?' என்று கேட்டுக்கொண்டே ஓடி வருவது கேட்டது.

"பத்தூல இருக்கா, பாக். அட்ரஸ் இந்தத் தம்பி சொல்லும். உடனே கெளம்புங்க." முர்னி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "போறப்ப அவசரத்துல அஞ்சு வயசுக் கவுன் வாங்கிட்டுப் போயிடாதீங்க. இப்ப அவளுக்குப் பதினொண்ணு. தோள் அகலமாயிருக்கும், கை நீண்டிருக்கும். அளவு தெரியலன்னா என்கிட்ட வாங்க. லெபாரான் பெருநாள் வரும்போதெல்லாம் லாராஸுக்கு ஒரு அளவு கூட்டி எடுத்து வச்சிருக்கேன். எல்லாம் மடிப்புக் கலையாம இருக்கு."